விளக்கும் வால்வும்

கதீஜா உம்மாள் தன் கணவரின் உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்த்து நனைப்பதில்லை. கிணற்றடியில் அதற்கென்று ஒரு பழைய மண்தொட்டி இருந்தது. காக்கி கால்சட்டை இரண்டு, கை வைத்த பனியன் இரண்டு. சாம்பல் கரைத்த தண்ணீரில் முக்கிவைத்து, சவுக்காரம் போட்டுக் கசக்கி, ஏழு தண்ணீர் மாற்றி அலசுவாள். கால்சட்டையில் முழங்காலுக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டைகள். பக்கத்து வீட்டு ஓமனா ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன மைனி, எலி கடிச்சதா?"

"எலியில்லட்டி, திராவகம். படகுல கரண்டு பிடிச்சு வைக்குத பெட்டி உண்டில்லா, அதுல உள்ள திராவகம். மத்த துணியில பட்டா அதுவும் போயிரும். அதாக்கும் தனியா நனைக்கேன்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். மீதியை அவள் பதினெட்டு வயது மகள் ஜொஹராவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கணவர் மைதீன் கனி, வெள்ளைக்காரத் துரையின் படகில் கரண்டை மட்டும் பார்க்கவில்லை. கழிவறையையும் அவர்தான் பார்த்தார்.

மைதீன் கனி குளச்சல்காரர். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய்த் துறைமுக லாஞ்சுகளில் எண்ணெய் துடைக்கிறவராகச் சேர்ந்து, எஞ்சினைத் தனியாக ஓட்டவும் பிரித்து மாட்டவும் படித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்து, நாகர்கோவில் பக்கம் ஒரு நெல் மில்லில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். 1931-இல், மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஐம்பதடி நீளத்தில் ஒரு மோட்டார் படகை வாங்கிக் குளச்சலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓய்வு நாளில் விருந்தாளிகளோடு கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஆனி ஆடிக் கடலில் படகு கொச்சிக்குள் போய்க் கிடக்கும். கடல் அடங்கியதும் திரும்பி வந்து குளச்சல் பாறைகளுக்கு இந்தப் பக்கம் நங்கூரம் போடும். யுத்தம் வந்து சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு போகும்வரை எட்டு வருஷம் மைதீன் கனி அதில் இருந்தார்.

படகில் வேலைக்கு இரண்டே பேர். சுக்கானும் அடுப்பும் ராஜையன் கையில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வாய் ஓயாதவர். மற்றதெல்லாம் மைதீன் கனி.

காலையில் சின்னத் துடுப்பு வள்ளத்தில் போய் ஏறியதும் முதல் வேலையாக நடைவழியின் தரைப்பலகையைத் தூக்கித் திறந்துவிடுவார். கீழே மரத்தட்டுகளில் பன்னிரண்டு பேட்டரிகள். உள்ளே கூடியிருக்கிற வாயு வெளியேறுவதற்காகச் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் ராஜையன் அடுப்புப் பற்றவைத்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். பிறகு கண்ணாடிக் குழலால் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்து, குறைந்த இடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டாக ஊற்றி, சின்ன எஞ்சினைக் கிளப்பி டைனமோவை ஓடவிடுவார். பதினான்கு விளக்கு, இரண்டு விசிறி. ராத்திரி எரிவதற்குப் பகலிலேயே கரண்டைச் சேர்த்து வைத்தாக வேண்டும். விருந்தாளிகள் இரண்டு விசிறியையும் போட்டுக்கொண்டு தூங்கினால், ராஜையன் தன் அடுக்களையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியதுதான்.

கழிவறை அந்த நடைவழியிலேயே, பேட்டரிகளுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. வெள்ளைப் பீங்கான் கோப்பை, பக்கத்தில் பித்தளை லிவர் வைத்த கைப்பம்பு. கோப்பை இருந்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே. தண்ணீர் உள்ளே வர ஒரு குழாய், அழுக்கு வெளியே போக ஒரு குழாய், இரண்டுக்கும் ஒவ்வொரு வால்வு. திறந்து, லிவரை இருபது தரம் அடித்து, இரண்டையும் மூட வேண்டும். மூட மறந்தால் போன வழியாகவே கடல் உள்ளே வரும். துரைமாருக்குத் திறந்து மூடுகிற பழக்கமெல்லாம் கிடையாது. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மைதீன் கனி போய் அடித்து மூடிவிட்டு வருவார். காலையில் கரையில் மடிவலை இழுத்துக்கொண்டிருந்தால் மட்டும் லிவரைத் தொட மாட்டார். மீன்பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற நேரம் அது. மடி கரையேறும்வரை துரையேயானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

புதிதாக ஏறுகிற எந்தத் துரையையும் துரைசானியையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையையும் ஆட்டிக் காட்டி, கோப்பைக்குள் துணியோ பஞ்சோ சுருட்டுத் துண்டோ எதுவும் போடக்கூடாது என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே கிடையாது.

ஊரில் அவருக்குக் கரண்டு மைதீன் என்று பெயர். பிடிக்காத ஒன்றிரண்டு பேர், துரைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிறவன் என்றும் சொன்னார்கள். இரண்டும் அவர் காதுக்கு வந்தன. 

1935 தை மாதத்தில் ஜொஹராவைக் கேட்டு ஆள் வந்தது. தேங்காப்பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த மீரா முகைதீனின் மகன் பக்கீர் முகம்மதுக்கு. நல்ல பையன், கடையை அவன்தான் பார்க்கிறான். பெண்கள் வந்து பார்த்துப் போனார்கள். பிடித்திருந்தது. கதீஜா உம்மாள் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கென்று சேர்த்திருந்த துணிகளையெல்லாம் எடுத்து வெயிலில் காயவைத்தாள். அப்போதுதான் மீரா முகைதீன் ஆள் அனுப்பினார். சம்மந்தியின் தொழிலைக் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்.

"அவங்களுக்குப் படகைக் காட்டணுமா வாப்பா?" என்று கேட்டாள் ஜொஹரா. "வீட்டைக் காட்டினதும் என்னையக் காட்டினதும் போராதா?"

"வெளிச்சத்தப் பாத்தா மனுசன் அசந்து போவாரு மோளே" என்றார் மைதீன் கனி. அவருக்கு உள்ளூரப் பெருமை. தன் வேலையை இதுவரை சொந்தக்காரர் யாரும் வந்து பார்த்ததில்லை.

துரை சாயங்காலம் நாலு மணிக்கு விருந்தாளிகளோடு வருவதாக இருந்த ஒரு நாள், உச்சிக்கு முன்னால் மீரா முகைதீன் வள்ளத்தில் வந்து ஏறினார். ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, இடுப்பில் பை வைத்த அகலமான பெல்ட்டு, கையில் குடிதண்ணீர்க் கூஜா. பயணத்தில் பிறர் வீட்டுப் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர். சுத்தத்தில் அவ்வளவு பிடிவாதம். ஏறும்போது வாயில் சுருட்டு இருந்தது.

"காக்கா, அத அணைச்சிரணும்" என்று, அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மைதீன் கனி. "பலகை திறந்து கெடக்கு. ஒரு பொறி விழுந்தாப் போரும், நாம மூணு பேரும் இல்ல."

மீரா முகைதீன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுருட்டைக் கடலில் போட்டார். அந்தப் பார்வையில் மரியாதை கூடியிருந்தது.

பலகைகளை மூடி, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி மைதீன் கனி படகைக் காட்டினார். பகல் வெளிச்சத்திலும் பதினான்கு விளக்கும் எரிந்தன. விசிறி சுழன்றது. மீட்டரின் முள் எப்படிச் சாய்கிறது, எங்கே நின்றால் பேட்டரி நிறைந்தது என்று விளக்கினார். மீரா முகைதீன் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இவ்வளவும் உம்ம கையிலயா?"

"பின்ன? இவரு கண்ணடச்சா நாங்க எல்லாம் குருடங்களாக்கும்" என்றார் ராஜையன் அடுக்களையிலிருந்து. "துரைகூட ராத்திரி இவருகிட்ட கேட்டுத்தான் புஸ்தகம் படிக்கணும்."

மீரா முகைதீன் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம் என்று மைதீன் கனிக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

படகு நின்ற இடத்திலேயே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் மீரா முகைதீனின் முகம் வெளுத்தது. மேலே போய்க் காற்று வாங்கினார். திரும்பி வந்து மைதீன் கனியின் காதருகே, "வயிறு ஒரு மாதிரியா வருது. கரைக்குப் போற வரைக்கும் தாங்காது போல" என்றார்.

வேலைக்காரர்கள் அந்தக் கழிவறையைத் தொடுவதில்லை. அது துரைக்கு. ஆனாலும் மைதீன் கனி தயங்காமல் கதவைத் திறந்து, வாளியில் நல்ல தண்ணீர் வைத்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ துரைமாரிடம் சொன்னதுதான். ஆனால் எதிரே நிற்பவர் சம்மந்தி ஆகப்போகிறவர். அவரைக் கழிவறை வாசலில் நிறுத்தி, உள்ளே என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று எப்படிப் பேசுவது?

"முடிஞ்சதும் கதவத் திறந்து வாங்க, மத்தத நான் பாத்துக்கிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் போனார்.

மீரா முகைதீன் வெளியே வந்து மேலே ஏறிப் போனார். மைதீன் கனி உள்ளே போய் இரண்டு வால்வையும் திறந்து லிவரை அடித்தார். நாலாவது அடியில் லிவர் நெறுநெறுத்தது. ஆறாவது அடியில் பாதியில் நின்றது. உடனே உள்ளே வருகிற வால்வை மூடினார். வெளியே போகிற வால்வு பாதி திரும்பி, மேற்கொண்டு மூட மறுத்தது. அதன் வாயில் ஏதோ சிக்கியிருந்தது. பம்பின் மூடித்தட்டும் அடையவில்லை. போன அழுக்கோடு கடல் கோப்பைக்குள் திரும்பி ஏறத் தொடங்கியது.

விளிம்பு தாண்டினால் தண்ணீர் நடைவழிக்கு வரும். அங்கிருந்து பலகை இடுக்கு வழியாகப் பேட்டரிக்கு. உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கினால் மூச்சை அடைக்கிற நச்சுக் காற்று கிளம்பும் என்று கொழும்பில் மூச்சுத் திணறி விழுந்த ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் தெரிந்துகொண்டிருந்தார்.

"ராஜையா! கீழ்ப்பம்பை அடியும்! கை எடுக்காதயும்!"

"என்ன வே, சம்மந்தி வந்த நேரம் பாத்துக் கடலும் ஏறி வருதா?" என்று கத்திக்கொண்டே ராஜையன் மேல்தளத்துக்கு ஓடிப்போய், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்பைப் பிடித்தார். சத்தம் கேட்டு மீரா முகைதீன் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"காக்கா, இங்க வாங்க. இந்த லிவர மேல தூக்கிப் பிடிச்சுக்கிடுங்க. விட்டிராதீங்க. இது மேல நிண்ணா வரத்து கொஞ்சம் குறையும்."

மீரா முகைதீன் பிடித்தார். மறுக்க நேரம் இல்லை. லிவரைப் பிடித்தால் கோப்பைக்கு நேர் எதிரில்தான் நிற்க முடியும், வேறு இடம் கிடையாது. அவர் முகத்தை மேலே திருப்பிக்கொண்டார். படகு ஆடியதும் கீழே பார்க்க வேண்டியதாயிற்று.

மைதீன் கனி முட்டிபோட்டு உட்கார்ந்து, பம்பின் அடித்தட்டில் இருந்த நாலு நட்டையும் கழற்றி, தட்டை எடுத்துவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். அழுக்குத் தண்ணீர் அவர் மடியிலும் தரையிலும் கொட்டியது. முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடியபடி விரல்களால் தடவினார். முதலில் ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது வால்வின் வாயில் இறுகியிருந்தது. அதற்குத்தான் நேரமாயிற்று. நகம் பெயர்ந்தது. அது வெளியே வந்ததும் வால்வு திரும்பி மூடிக்கொண்டது. வரத்து நின்றது.

"விடலாம் காக்கா" என்றார்.

மீரா முகைதீன் லிவரை விடவில்லை. மைதீன் கனியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றும் காய்ந்து இறுகிய செம்மண் கட்டிகள், உள்ளே சரளைக்கல். காலைக்கடன் முடிந்ததும் முதலில் மண்கட்டியால் துடைத்து, பிறகு தண்ணீரில் கழுவுவது அவர்கள் எல்லோருக்கும் சிறுவயதுப் பழக்கம். மைதீன் கனி வீட்டுக் கொல்லையிலும் அப்படிக் கட்டிகள் அடுக்கித்தான் இருந்தன. கடலில் மண் கிடைக்காது என்று முன்யோசனையோடு பெல்ட்டுப் பையில் எடுத்து வந்திருந்தார் மீரா முகைதீன். துடைத்ததைக் கோப்பைக்குள்ளேயே போட்டிருந்தார்.

மேலிருந்து ராஜையனின் குரல் வந்தது. "என்ன வே, என்னத்த எடுத்தீரு?"

மைதீன் கனி கையை மூடிக்கொண்டார். "சிப்பி" என்றார். "கடலுக்க உள்ள இருந்து வந்த சிப்பி."

"இம்புட்டு நாளும் வராத சிப்பியா?"

"இண்ணைக்கு வந்திருக்கு. நீரு சோலியப் பாரும்."

தரையைக் கழுவி, பம்பை மாட்டி, அடித்துப் பார்த்து, தான் கடலில் இறங்கிக் குளித்து வந்தபோது மணி இரண்டு. மீரா முகைதீன் மேல்தளத்தில் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ராஜையன் வைத்த சாயா ஆறிப்போயிருந்தது. வள்ளம் வந்ததும் சலாம் மட்டும் சொல்லி இறங்கினார். 

அன்றைக்கு வீட்டில் மைதீன் கனி நடந்ததைச் சொன்னார். கதீஜா உம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"போடாதீங்கண்ணு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

"சம்மந்தியாவப் போற மனுசங்கிட்ட அதையா பேச?"

"அதாக்கும் நானும் பேசல்ல."

"பின்ன, பேசாததும் சரிதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவரு அருவருத்தாரா?" என்று கேட்டாள்.

மைதீன் கனி அதைப் பற்றித்தான் வள்ளத்தில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தார். அருவருப்பு அவருக்குத் தெரியும். தன்னைப் பார்த்து மூக்கைச் சுளித்த விருந்தாளிகள் எத்தனையோ பேர். மீரா முகைதீனின் முகத்தில் இருந்தது அது இல்லை. அது என்னவென்று அவருக்குச் சொல்ல வரவில்லை. "தெரியல்ல" என்றார்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. வெயிலில் காயவைத்ததையெல்லாம் கதீஜா உம்மாள் திரும்பப் பெட்டியில் வைத்தாள். ஓமனா கேட்டபோது, மழை முடியட்டும் என்று பார்க்கிறார்கள் என்றாள். மழையே இல்லாத மாசி மாதம் அது.  பையனை ஜொஹரா ஒரே ஒரு முறை, அதுவும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். ஆனாலும் வாசலில் நடைச்சத்தம் கேட்டால் கையிலிருக்கிற வேலை ஒரு கணம் நின்றுவிடும். அதை மைதீன் கனி கவனித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு மீரா முகைதீன் தனியாக வந்தார். முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்தார். குடையை மூலையில் சாய்த்து வைத்தார். சாப்பாடு வேண்டாம், சாயா போதும் என்றார். உள்கதவுத் திரைக்குப் பின்னால் கதீஜா உம்மாள் நின்றாள்.

"பையனுக்கு இஷ்டம்" என்று தொடங்கினார். "வீட்டுல உள்ளவங்களுக்கும் இஷ்டம். பிள்ளைய ஒரு குறை சொல்லதுக்கில்ல."

"அல்ஹம்துலில்லா."

"ஒரு காரியம் உண்டு. படகு வேலைய நீரு விட்டிரணும். எனக்க கடையில உமக்கு ஒரு இடம் போட்டுத் தாறேன். கௌரவமா இருக்கலாம்."

மைதீன் கனி சாயாக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "துணியப் பத்தி எனக்கு என்ன தெரியும் காக்கா? மல்லு எது, பாப்ளின் எதுண்ணு கேட்டா முழிப்பேன்."

"படிச்சுக்கிடலாம்."

"படிச்சது ஒண்ணு இருக்கே. முப்பது வருசமா."

"ஊரு பேசும் மைதீனே. மருமவளுக்க வாப்பாவுக்கு என்ன சோலிண்ணு கேட்டா நான் என்ன சொல்ல?"

"கரண்டுண்ணு சொல்லுங்க."

"அது மட்டுமா?"

"அது மட்டுமில்ல. மத்ததயும் சொல்லுங்க. விளக்குக்கு ஒரு ஆளு, கக்கூசுக்கு ஒரு ஆளுண்ணு வச்சா படகு நிக்காது. ஒண்ணு கெட்டா மத்ததும் கெடும். அண்ணைக்கு நீங்களே பாத்தீங்க." குரலைத் தாழ்த்தினார். "நாலு வருசமா ஊரு பேசிக்கிட்டுத்தான் இருக்கு. அது தெரிஞ்சுதானே பெண்ணு கேட்டு வந்தீங்க? இப்பம் வேண்டாங்கது ஊரா காக்கா, நீங்களா?"

மீரா முகைதீன் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார். 

"நீரு சிப்பிண்ணு சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"ராஜையன் வாய் பொல்லாதது. கரைக்கு வருமுன்ன ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு."

"சொல்லட்டு. ஒரு வாரம் சிரிப்பாங்க. நானும் கூடச் சிரிச்சிருப்பேன். தீந்திருக்கும்." அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இப்பம் அப்படி இல்ல. எனக்க அழுக்குல கையவிட்டு எடுத்தீரு. எடுத்ததயும் மறைச்சீரு. நாளைக்கு கல்யாணப் பந்தியில ஒரே தட்டத்துல நீரும் நானும் கை வச்சுச் சோறு தின்னணும். அந்தக் கையப் பாத்தா எனக்கு எப்படி இறங்கும்? உம்ம கை மோசம்ணு சொல்லல்ல, மைதீனே. நான்... எனக்காக்கும் கேவலம்."

"நான் கடையில வந்து இருந்தா அது மாறுமா?"

"மறக்கலாம்ணு நெனைச்சேன்."

"எனக்கு மறந்து போச்சு காக்கா. வேலையில அது நித்தமும் உள்ளது. பேட்டரியில தண்ணி இறங்கிருமோண்ணு உள்ள பயம்தான் எனக்கு நெனவிருக்கு." மைதீன் கனி நிமிர்ந்தார். "பிள்ளைக்காக எதையும் விடுவேன். ஆனா இத விட்டா, நான் செஞ்சது கேவலம்ணு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். அத என்னால ஏலாது."

 உள்ளே அடுக்களையில் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது. மீரா முகைதீன் எழுந்தார். மூலையிலிருந்த குடையை எடுத்தார். அதன் துணி மடிப்பை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டார்.

திரை அசைந்தது. அந்நிய ஆண்கள் இருக்கும்போது குரல் காட்டாத கதீஜா உம்மாள் பேசினாள்.

"காக்கா, நான் கேக்கேண்ணு தப்பா நெனைக்காண்டாம். ஆம்பிளைய ரெண்டு பேரும் பேசினது எனக்கு விளங்கிச்சு. ரெண்டு பேரும் உள்ளதத்தான் பேசினீங்க. ஆனா என் பிள்ள உள்ள இருக்கா. இந்தக் கல்யாணம் உண்டா, இல்லியா? அவகிட்ட நான் என்னண்ணு சொல்ல?"

மீரா முகைதீன் திரையின் பக்கம் திரும்பினார். வாய் திறப்பது போல இருந்தது. பிறகு நிலைப்படி இடிக்காமல் தலையைக் குனிந்து, வெளியே போனார்.